வாத்துப் போட்ட பச்சைத் திரை

அணைக்கட்டு
12.06.2024

கர்த்தருக்குள் அன்பான அக்காவுக்கு,

தங்கை நிஷா எழுதுவது. ஸ்தோத்திரம். நீயும் மாமாவும் ரூபன் குட்டியும் சுகம்தானே? அவனுக்குப் பல் முளைத்துவிட்டதா? நான் சுகம் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன். அடுத்த வரியிலிருந்து உண்மை.

நான் இப்போது ஆம்பூரில் இல்லை. அப்பா என்னைப் பூவம்மாள் அத்தை வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போய்விட்டார். அதற்கு முன்னால் என் போனைச் சுத்தியலால் அடித்து நொறுக்கினார். சிம்மைச் சாக்கடையில் போட்டார். அதனால்தான் இந்தக் கடிதம். பக்கத்து வீட்டில் ஜாக்கெட் தைக்கிற தில்ஷாத் அக்கா இந்த இன்லேண்ட் தாளைத் தபால் ஆபீசில் வாங்கிவந்து கொடுத்தார். "இன்னா நிஷா, இதெல்லாம் இன்னும் விக்கிறாங்களா?" என்று அவருக்கே ஆச்சரியம்.

அப்பா உனக்குப் போனில் சொல்லியிருப்பார். அவர் சொன்னால் ஒரு வரிதான் வந்திருக்கும், அதிலும் பாதியை விழுங்கியிருப்பார். முழுசாக நான் சொல்கிறேன்.

எங்கள் ஷூ கம்பெனியில் சாம்பிள் செக்‌ஷனுக்குள் போகிற ஒவ்வொருவர் போன் கேமரா மேலும் வாசலில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். புது மாடல் ஷூவின் படம் கடைக்கு வருவதற்கு முன்னால் வெளியே போய்விடக் கூடாதாம். ஷூவுக்கு அவ்வளவு மானம். ஆனால் அட்டெண்டன்ஸ் போடுகிற வாட்ஸ்அப் குரூப்பில் நாங்கள் எல்லோரும் முகம் தெரிகிற மாதிரி டிபி வைக்க வேண்டும் என்று சூப்பர்வைசர் ராஜேஷ் உத்தரவு போட்டான். "லைன்ல மூணு நிஷா இருக்கீங்க. எந்த நிஷா வந்தா, எந்த நிஷா வரலன்னு எனக்கு எப்படித் தெரியும்? பூவு, மெழுகுவத்தி எல்லாம் வேணாம், மூஞ்சிய வைங்க" என்றான். வைத்தேன்.

எந்தப் படம் தெரியுமா? ரூபனுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று உன் ரூமில் நீ எடுத்தாயே, அரக்குப் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு, ரூபனைத் தோளில் போட்டுக்கொண்டு, நான் பல்லெல்லாம் தெரியச் சிரிப்பேனே, அது. அதில் முகத்தை மட்டும் வெட்டி வைத்தேன். குரூப்பில் இருக்கிற எந்த நாயோ அந்த முகத்தை எடுத்து, ஏதோ ஆப்பில் போட்டு, கழுத்துக்குக் கீழே துணியில்லாத ஓர் உடம்பை ஒட்டி எல்லோர் போனுக்கும் அனுப்பிவிட்டான். சிரிப்பு என்னுடையது. ஜிமிக்கி என்னுடையது. பின்னால் தெரிகிற பச்சைத் திரை உன்னுடையது. மற்றது எதுவும் என்னுடையது இல்லை அக்கா.

அந்தத் திரையைக் காட்டித்தான் எல்லோரும் கேட்கிறார்கள், "எந்த லாட்ஜும்மா இது?" என்று. வேலூர் லாங்கு பஜாரில் நீயும் நானும் பேரம் பேசி வாங்கிய திரை. வெள்ளை வாத்துப் போட்டது. கரை பிரிந்தபோது ஷூ தைக்கிற காப்பிக் கலர் நூலில் நான்தான் அடித்துக் கொடுத்தேன். அந்தத் தையல்கூடப் படத்தில் தெரிகிறது. அது உன் வீட்டுத் திரை என்று அப்பாவிடம் மட்டும் சொன்னேன். வெளியில் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. உன் மாமியார் காதுக்குப் போனால் உனக்குத்தான் பேஜார்.

எனக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டும். நீ எனக்கு அனுப்பிய முழுப் படம் என் போனோடு போய்விட்டது. இப்போது அது உன் போனில் மட்டும்தான் இருக்கிறது. அதைப் பிரிண்ட் போட்டு அப்பாவுக்கு அனுப்பு. நான் எடுத்த படம், என் வீட்டுத் திரை என்று ஒரு வார்த்தை சொல். அவர் என்னை வீட்டுக்குக் கூட்டிப் போவார்.

தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருக்கும்
நிஷா


பொன்மலை, திருச்சி
01.07.2024

கர்த்தருக்குள் பிரியமான தங்கைக்கு,

அக்கா மெர்சியின் அன்பின் ஸ்தோத்திரங்கள். இங்கே எல்லோரும் கர்த்தருடைய கிருபையால் சுகம். ரூபனுக்குக் கீழே ஒரு பல் வந்திருக்கிறது. அத்தையின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அவரிடம் பணிவாக நடந்துகொள்.

உன் கடிதம் என் மாமியார் கையில் கிடைத்தது. நல்ல வேளை, பிரிக்கவில்லை. அவர் இப்போது மாதர் சங்கத் தலைவி என்பது உனக்குத் தெரியும். இனிமேல் வீட்டு விலாசத்துக்கு எழுதாதே. நான் வேலை பார்க்கும் நர்சரிப் பள்ளி விலாசத்தைக் கீழே எழுதியிருக்கிறேன். போனில் பேசலாம் என்றால் இந்த ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒரு ரூமில் தும்மினால் அடுத்த ரூமில் கேட்கிறது.

நடந்ததைக் கேட்டு நான் அழாத நாள் இல்லை. ஆனால் இந்தக் காலத்தில் நாம்தான் நம் படத்தைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். டிபியில் ஒரு பூ வைத்திருந்தால் இது வந்திருக்குமா? எங்கள் பள்ளியில் ஒரு போலீஸ் அம்மா வந்து கூட்டம் போட்டார். முகம் வைக்காதே, எல்லாவற்றுக்கும் லாக் போடு, தேவையில்லாத படத்தை உடனே அழி என்றார். அன்றே நான் எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். அப்பாவிடமும் போனை உடைத்துப் போடுங்கள் என்று நான்தான் சொன்னேன். கோபப்படாதே. போன் இல்லையென்றால் அதோடு எல்லாம் முடிந்தது, இனி யாரும் உன்னிடமிருந்து எதுவும் எடுக்க முடியாது.

நீ கேட்ட படத்தைத் தேடுகிறேன். போனில் இடம் போதவில்லை என்று மாமா எதை எதையோ எங்கே எங்கேயோ மாற்றி வைத்திருக்கிறார். கொஞ்சம் பொறு.

ரூமுக்குப் புதுத் திரை போட்டிருக்கிறேன், ரோஸ் நிறம். பழையது வெளுத்துவிட்டது.

ஜெபத்தில் உன்னை நினைக்கும்
அக்கா மெர்சி


அணைக்கட்டு
06.07.2024

அன்பான அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். அத்தைக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, வாய்தான் நன்றாக வேலை செய்கிறது. ரூபனின் ஒற்றைப் பல்லுக்கு இந்தச் சித்தியின் முத்தம்.

போனை உடைக்கச் சொன்னது நீதானா? இவ்வளவு நாள் அப்பாவுக்கே அந்த யோசனை வந்தது என்று நினைத்திருந்தேன். அக்கா, போனை உடைத்தால் போன்தான் உடையும். என் பேஸ்புக் அப்படியே திறந்து கிடக்கிறது. அதில் என் படங்கள் இருக்கின்றன, "அக்கா: மெர்சி" என்று உன் பெயரும் இருக்கிறது. அதை மூட வேண்டுமென்றால் பழைய நம்பருக்கு ஓடிபி வர வேண்டும். நம்பர் சாக்கடையில் இருக்கிறது. வீட்டுச் சாவியைக் கிணற்றில் போட்டுவிட்டுக் கதவைத் திறந்து வைத்திருக்கிறோம்.

தில்ஷாத் அக்கா என்னை வேலூருக்கு பஸ்ஸில் கூட்டிப் போனார். அத்தையிடம் துணி எடுக்கப் போகிறோம் என்று சொன்னோம். சைபர் கிரைமில் இருந்த ஒரு லேடி போலீஸ் நன்றாகத்தான் பேசினார். "பயப்படாதம்மா. ஒரிஜினல் படத்தைக் கொண்டா. எடுத்தவங்க யாரோ அவங்கள ஒரு வார்த்தை எழுதிக் குடுக்கச் சொல்லு. எங்களுக்கு வேலை கம்மி, உனக்கு பலம் ஜாஸ்தி" என்றார். நான் உன் பெயரைச் சொல்லவில்லை. சொந்தக்காரர் ஒருவர் என்று மட்டும் சொன்னேன்.

கம்பெனியில் என்ன சொன்னார்கள் தெரியுமா? மே மாதம் ஒரு சாம்பிள் ஷூவின் படம் வெளியே போய்விட்டது. மறுநாளே எவன் எடுத்தான், எந்த ஸ்டிக்கரைப் பிய்த்தான் என்று எல்லாம் கண்டுபிடித்து ஆளைத் துரத்திவிட்டார்கள். என் படத்துக்கு எச்.ஆர். மேடம், "அது கேட்டுக்கு வெளியில நடந்த விஷயம் நிஷா. நீங்க கொஞ்ச நாள் லீவுல இருங்க" என்றார். நான் தைத்த ஷூவுக்குக் கிடைத்தது எனக்குக் கிடைக்கவில்லை.

மார்ச் மாதம் ஞானஸ்நானத்தன்று பளிச்சென்று இருந்த திரை ஜூலையில் வெளுத்துவிட்டதா அக்கா? சரி. படத்தை மட்டும் சீக்கிரம் அனுப்பு.

நிஷா


பொன்மலை
19.08.2024

பிரியமான நிஷாவுக்கு,

அன்பின் ஸ்தோத்திரங்கள். நாங்கள் சுகம். சுதந்திர தின விழா வேலையில் உடனே எழுத முடியவில்லை. மாமாவுக்கு ஒர்க்‌ஷாப்பில் பெரிய பொறுப்பு கிடைக்கும் போலிருக்கிறது, அதற்காக ஜெபம் செய்துகொள்.

நீ கேட்ட படத்தைப் பற்றி. மனம் தளராதே. ரூபன் போனை வாயில் வைத்துக் கடித்து விளையாடிக்கொண்டிருந்தான். எதை எப்படி அமுக்கினானோ, ஞானஸ்நானத்துப் படங்கள் எல்லாம் அழிந்துவிட்டன. நானும் மாமாவும் தேடாத இடமில்லை. குழந்தையை அடிக்க முடியுமா?

ஒரு விதத்தில் இதுவும் நல்லதற்குத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. போலீஸ் ஸ்டேஷனில் அந்தப் படத்தைக் கொடுத்தால் எத்தனை ஆண்கள் கை மாறும் என்று யோசித்தாயா? அதில் என் ரூம் இருக்கிறது, என் குழந்தை இருக்கிறான். நம்மைப் போன்ற குடும்பத்துக்கு மானம் ஒன்றுதான். யாரிடமும் என் பெயரைச் சொல்லாமல் இருந்தாயே, அதற்காக உன்னை மெச்சுகிறேன். அப்படியே இரு.

அக்கா என்ற உரிமையில் இன்னொன்றும் சொல்கிறேன். அன்றைக்கு நீ அப்படிப் பல் தெரியச் சிரித்திருக்க வேண்டாம். அடக்கமாக நிற்கிற பெண்ணின் படத்தை யாரும் தொட மாட்டார்கள்.

மெர்சி


அணைக்கட்டு
24.08.2024

அக்கா,

சுகம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. ரூபனுக்கு மட்டும் முத்தம். பேச வராத பிள்ளை, அதனால் அவன் மேல் என்ன சொன்னாலும் செல்லும்.

நேற்று அப்பா வந்திருந்தார். வாசலிலேயே நின்றார், தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஆளே பாதியாகிவிட்டார். நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டு, "அது அக்கா வூட்டுத் திரைப்பா, ஒரு வாட்டி அவளக் கேளுங்கப்பா" என்று அழுதேன். அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார்: "கேட்டுட்டேம்மா. ஜூன் மாசமே கேட்டுட்டேன். 'எங்க வூட்ல ரோஸ் கலர் திரைதாம்ப்பா, பச்சையே கெடையாது'ன்னு சொல்ட்டா."

ஜூன் மாதம் கேட்டிருக்கிறார். ஜூலை மாதம் நீ எனக்கு ஜெபத்தில் நினைப்பதாக எழுதினாய்.

நீ படம் எடுத்தபோது என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? "சிரிடி, மூஞ்சியத் தூக்கி வெச்சிக்காத, பையன் பெரியவனாகி பாப்பான்" என்றாய். நீ சொல்லித்தான் சிரித்தேன். இப்போது சிரித்தது தப்பு என்கிறாய்.

எனக்கு உன் மேல் கோபம் வருகிறது. கோபத்தைவிட ஜாஸ்தியாகப் பயம் வருகிறது. எவனோ ஒருவன் என் முகத்தை எடுத்துக்கொண்டு போனான். அவன் யார் என்றே எனக்குத் தெரியாது, அதனால் அவனைத் திட்டித் தீர்க்கிறேன். உன்னை எனக்கு நன்றாகத் தெரியும். உன்னை என்ன செய்வது?

நிஷா


அணைக்கட்டு
30.09.2024

கர்த்தருக்குள் அன்பான அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். நீ, மாமா, ரூபன், உன் மாமியார் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும் என்று வேண்டுகிறேன். போன கடிதத்தில் வாய்க்கு வந்தபடி எழுதிவிட்டேன். மனதில் வைத்துக்கொள்ளாதே.

படம் அழிந்தால் போகட்டும். நான் அதை இனிக் கேட்கவில்லை. அப்பாவிடம் ஒரு போன் செய்து, "ஆமாம்ப்பா, அது என் பழைய திரைதான், ஞாபகம் இல்லாம சொல்ட்டேன்" என்று மட்டும் சொல். உன் மாமியாருக்குத் தெரிய வேண்டியதில்லை. அப்பா ஊரில் யாரிடமும் சொல்லமாட்டார். அவர் நம்பினால் போதும், நான் வீட்டுக்குப் போய்விடுவேன். வேறு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துகொள்வேன்.

இங்கே அத்தை எனக்கு மாப்பிள்ளை பார்க்கிறார். பேரணாம்பட்டில் ஒரு தோல் மண்டியில் வேலை செய்கிறவர், மனைவி இறந்துவிட்டார், இரண்டு பிள்ளைகள். அத்தை அவரைப் பற்றிச் சொன்ன பெரிய பெருமை, "அவரு போனே வெச்சிக்கிறதில்ல, படத்தப் பாத்திருக்க மாட்டாரு." அப்பா சொல்லிவிட்டார், ஏதாவது ஆதாரம் இருந்தால் காட்டு, இல்லையென்றால் தலையை ஆட்டு என்று.

ஒரே ஒரு போன், அக்கா.

உன் தங்கை
நிஷா


பொன்மலை
04.11.2024

பிரியமான தங்கைக்கு,

ஸ்தோத்திரங்கள். எல்லோரும் சுகம். ரூபன் நடக்கிறான். அவனுடைய முதல் பிறந்தநாளைச் சபையில் எல்லோருக்கும் பிரியாணி போட்டுக் கொண்டாடினோம். உன்னைக் கூப்பிட முடியாத நிலை, உனக்கே தெரியும்.

அத்தை எழுதியிருந்தார். பேரணாம்பட்டுக்காரர் தங்கமான மனிதராம். குடி கிடையாது. பிள்ளைகளுக்கு ஒரு தாய் வேண்டும், உனக்கு ஒரு வீடு வேண்டும். இதற்கு மேல் நாம் என்ன எதிர்பார்க்க முடியும்? அப்பாவின் மனதைக் குழப்ப எனக்கு இஷ்டமில்லை. அவருக்கு ஏற்கெனவே பிரஷர். ஒரு தரம் ஒன்று சொல்லி, பிறகு வேறொன்று சொன்னால் யாரைத்தான் நம்புவார்?

ஹாலில் மாட்டியிருந்த நம் குடும்பப் படத்தைக் கழற்றிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் "இது யாரு?" என்று கேட்டுவிடக் கூடாது. தப்பாக நினைக்காதே, எல்லாம் பத்திரத்துக்குத்தான்.

கிறிஸ்துமஸுக்கு உனக்கு ஒரு சுடிதார் துணி அனுப்புகிறேன்.

அக்கா மெர்சி


பொன்மலை
20.01.2025

நிஷா,

நீ பதில் எழுதவில்லை. சுடிதார் வந்து சேர்ந்ததா என்றும் தெரியவில்லை. இதைப் படித்தவுடன் எழுது, தயவு செய்து எழுது.

எனக்கும் நடந்துவிட்டது. புது வருஷ ஆராதனை முடிந்து வந்தோம். மாமியாருக்கு யாரோ தெரியாத நம்பரிலிருந்து ஒரு படம் வந்தது. என் முகம்தான். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து நான் சிரிக்கிற முகம். மற்றதை என்னால் எழுத முடியாது. பின்னால் அந்தப் பச்சைத் திரை. உன் பேஸ்புக்கில் என் பெயரைப் பார்த்து, அங்கிருந்து என் பழைய படத்தை எடுத்திருக்கிறான். "தங்கச்சிய பாத்தீங்க, அக்காவையும் பாருங்க" என்று அடியில் எழுதியிருந்தான்.

மாமியாருக்கு அந்தத் திரையைத் தெரியும். "இது நம்ம வூட்டு ரூமு. என் புள்ள வேலைக்குப் போன நேரத்துல உன்ன எவன் எடுத்தான்?" என்று கேட்கிறார். மாமா என்னோடு பேசுவதில்லை. ரூபனை என் பக்கத்தில் படுக்க விடுவதில்லை. நான் சத்தியம் செய்கிறேன், யாரும் கேட்கவில்லை. நான் செய்யாத ஒன்றுக்கு என்னை இப்படிப் பார்க்கிறார்களே, இது எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

ஞானஸ்நானத்தன்று நீயும் உன் போனில் என்னை எடுத்தாய். சந்தனக் கலர் பட்டுக் கட்டி, திரைக்கு முன்னால் நின்று, தலை சீவிக்கொண்டு. அதைத்தான் நீ பேஸ்புக்கில் போட்டாய், முகத்தை மட்டும். முழுப் படம் எங்காவது இருக்கிறதா? உன் போனை அப்பா உடைத்துவிட்டார் என்று தெரியும். இருந்தாலும் கேட்கிறேன். நீ ஒருத்திதான் அந்த ரூமில் இருந்தாய். வேறு யாரைக் கேட்பேன்?

அக்கா


அணைக்கட்டு
27.01.2025

அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். நீ அழாதே. சாப்பிடு. ரூபனை உன்னிடமிருந்து யாரும் பிரிக்க முடியாது.

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் என்ன தோன்றியது என்று மறைக்கமாட்டேன். நன்றாக வேண்டும் என்றுதான் தோன்றியது. உன் கடிதத்தை எடுத்து, "டிபியில் ஒரு பூ வைத்திருந்தால் இது வந்திருக்குமா" என்று எழுதி அனுப்பலாமா என்று பார்த்தேன். பிறகு ரூபனை உன் பக்கத்தில் விடுவதில்லை என்ற வரியை மறுபடி படித்தேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

படம் இருக்கிறது.

போன வாரம் அத்தை பழைய இரும்புக்காரனுக்குப் போட ஒரு சாக்கை எடுத்து வைத்தார். அதில் என் போன் கிடந்தது. அப்பா என் துணிப் பையிலேயே அதையும் போட்டு அனுப்பியிருக்கிறார், அத்தை எடுத்துச் சாக்கில் போட்டிருக்கிறார், எனக்கே தெரியாது. மேலே எல்லாம் தூள். ஆனால் மெமரி கார்டு அதன் குழியில் சிராய்ப்புகூட இல்லாமல் இருந்தது. தில்ஷாத் அக்கா தன் போனில் போட்டுக் காட்டினார். நீ எனக்கு அனுப்பிய என் படம் அதில் இல்லை. என் கேமராவில் நான் எடுத்தது மட்டும்தான் இருந்தது. அதில் உன் படம் இருந்தது.

அக்கா, நீ இன்னும் அதை முழுசாகப் பார்த்ததில்லை. நீ திரைக்கு முன்னால் நின்று தலை சீவுகிறாய். உனக்குப் பக்கத்தில் பீரோக் கண்ணாடி. அந்தக் கண்ணாடியில் நான் தெரிகிறேன். அரக்குப் பட்டு, அதே ஜிமிக்கி, இடுப்பில் ரூபன், ஒரு கையில் போன். சிரிக்கிறேன். திரையின் கரையில் நான் அடித்த காப்பிக் கலர் தையல்கூடத் தெரிகிறது. ஒரே படம்தான். அதில் உன் புடவையும் இருக்கிறது, என் புடவையும் இருக்கிறது. அதை யார் பார்த்தாலும் நம் இரண்டு பேரையும் நம்பித்தான் ஆக வேண்டும். நான் தில்ஷாத் அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

அவர் தன் போனில் ஒரு காப்பி எடுத்து வைக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றுவிட்டேன். ஸ்டூடியோவில் பிரிண்ட் போடலாம் என்றார், அதற்கும் வேண்டாம் என்றேன். அடுத்தவர் போனில் என் முகம் இருப்பதை இப்போது என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. அதனால் உலகத்திலேயே இது ஒன்றுதான். பஞ்சில் சுற்றி, தீப்பெட்டியில் வைத்து, தில்ஷாத் அக்கா கையில் கொடுத்து ரிஜிஸ்தர் தபாலில் உனக்கு அனுப்புகிறேன்.

அப்பாவிடம் நானே எடுத்துப் போகலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அத்தை இப்போது என்னை வாசலைத் தாண்ட விடுவதில்லை. அப்பாவும் நான் எதைக் கொடுத்தாலும் நீயே செய்த வித்தை என்பார். நீ கொடுத்தால் நம்புவார். முதலில் உன் வீட்டில் காட்டு. பிறகு ஆம்பூருக்குப் போய் அப்பாவிடம் காட்டு. கண்ணாடியைக் காட்டு. அவ்வளவுதான் நான் கேட்பது. பேரணாம்பட்டுப் பேச்சை மார்ச் வரைக்கும் எப்படியாவது தள்ளி வைக்கிறேன்.

நம் இரண்டு பேருக்கும் விடிந்துவிட்டது அக்கா.

நிஷா


அணைக்கட்டு
03.03.2025

அன்பான அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். எல்லோரும் சுகமா? உன் கையெழுத்தோடு தபால் சீட்டு திரும்பி வந்துவிட்டது, அதனால் தீப்பெட்டி கிடைத்திருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். உன் வீட்டில் எல்லாம் சரியாகிவிட்டதா? ரூபன் உன்னோடு படுக்கிறானா?

அப்பாவைப் பார்த்தாயா? அவரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. அத்தை ஆலயத்தில் கல்யாண ஓலை வாசிக்க நாள் கேட்கப் போகிறாராம். "எங்க அக்கா வர்ற வரைக்கும் பொறுங்க" என்று தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தில்ஷாத் அக்கா, "இன்னா, உங்க அக்கா வர்றாங்களா?" என்று மதில் மேல் எட்டிப் பார்த்துக் கேட்கிறார். வருகிறாள் என்கிறேன்.

வழி பார்த்திருக்கும்
நிஷா


பொன்மலை
22.03.2025

கர்த்தருக்குள் மிகவும் பிரியமான தங்கைக்கு,

அக்காவின் ஆயிரம் ஸ்தோத்திரங்கள். நீ சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். இங்கே கர்த்தர் பெரிய காரியம் செய்தார். மாமா படத்தைப் பார்த்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். மாமியார் அதைப் பெரிதாகப் பிரிண்ட் போடச் சொல்லி, மாதர் சங்கக் கூட்டத்துக்கே எடுத்துப் போய், "பாருங்க, என் மருமக பட்டுப் பொடவ கட்டி தலை வாரிக்கிட்டு நின்ன படம். இதத்தான் அந்தப் பாவி அப்படிப் பண்ணிட்டான்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். ரூபன் இப்போது என் மடியை விட்டு இறங்குவதில்லை. எல்லாம் உன்னால்தான். இந்த நன்றியை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

நீ கேட்டதைப் பற்றி நான் யோசிக்காமல் இல்லை. மாமாவிடம் படத்தைக் காட்டும் முன்னால் நானே கார்டை ஸ்டூடியோவுக்கு எடுத்துப் போனேன். கண்ணாடியில் நீ நன்றாகத் தெரிந்தாய், அதுதான் கஷ்டமாகப் போயிற்று. உன்னுடைய அந்த அசிங்கமான படத்தை இங்கே சபையில் ஒரு சிலர் பார்த்திருக்கிறார்கள். அந்தப் பெண்ணும் இந்த ரூமில்தான் இருந்தாளா என்று ஒரு கேள்வி வந்தால் அதற்கு முடிவே இல்லை. அப்பாவிடமும் பச்சைத் திரையே எங்களிடம் கிடையாது என்று சொல்லிவிட்டேன். இப்போது அதை நானே காட்டினால், அன்று பொய் சொன்னேன் என்று ஆகிவிடும். அவர் மனம் அதைத் தாங்காது.

ஸ்டூடியோக்காரர் நல்ல மனிதர், எதுவும் கேட்கவில்லை. கண்ணாடியில் உன்னையும் ரூபனையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு பூச்சாடியை வைத்துவிட்டார். அவ்வளவு சுத்தமான வேலை. நீ அங்கே இருந்தாய் என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

கார்டை நான் நெருப்பில் பொசுக்கிவிட்டேன். அது யார் கையிலாவது சிக்கினால் உனக்குத்தான் ஆபத்து. தில்ஷாத் போனில் காப்பி எடுக்கவில்லை என்று எழுதியிருந்தாய். அந்தப் புத்தி உனக்கு முன்னாலேயே இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

மே மாதம் உனக்குக் கல்யாணம் என்று அப்பா சொன்னார். அப்பாவுக்கு மனசு நிறைவாக இருக்கிறது. ரூபனுக்கு வெயில் ஆகாது, அதனால் எங்களால் வர முடியாது. உனக்கு ஒரு பட்டுப் புடவை எடுத்து வைத்திருக்கிறேன், சந்தனக் கலர். அந்தப் பிள்ளைகளைச் சொந்தப் பிள்ளைகள் போலப் பார்த்துக்கொள்.

உன் சுகத்துக்காக இடைவிடாமல் ஜெபிக்கும்
உன் அக்கா மெர்சி

பி.கு. இந்த ஒரு தடவையாவது அக்கா சொல்வதைக் கேள். கல்யாணத்தில் யாரையும் உன்னைப் போட்டோ எடுக்க விடாதே.